கேம்பிரிட்ஜைச் சுற்றிய கிராமக் கலாசாலைகள்

கேம்பிரிட்ஜ் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது ராமானுஜன் கணித ஆராய்ச்சி நடத்தியதும் நேரு விஞ்ஞானம் படித்ததுமான சர்வகலாசாலைதான். அந்த நகரத்திலிருந்து எந்தப் பாதையில் நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கோதுமை வயலும் பழத்தோட்டமும் மாதாகோயிலுமாகக் கிராமாந்தரம் தொடங்கிவிடும் என்பதும், அறிவுலகத்தின் தலைநகரங்களில் ஒன்றாகிய அவ்வூருக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்த குடியானவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினான்கு வயதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள் என்பதும், நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஜில்லாவின் கல்விக் காரியதரிசியாக வந்த ஒரு மனிதரின் மனத்தை உறுத்தியிராவிட்டால், இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திராது.

அந்தக் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பல ஊர்களில் மாதாகோயிலை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. பள்ளி இல்லாத இடங்களிலும் அது ஏற்பட 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1880இல் படிப்புக் கட்டாயமாயிற்று. 1891இல் பெரும்பாலும் இலவசமும் ஆயிற்று. ஆனால் சட்டம் ஒன்று சொல்ல, வயல் வேறொன்று சொல்லிற்று. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலப் பகுதிகளில், குழந்தைகளைக் கும்பலாகச் சேர்த்து ஒரு மேஸ்திரியின்கீழ்க் களையெடுக்கவும் கல் பொறுக்கவும் ஓட்டிச் செல்லும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்றால், எட்டு வயது நிரம்பாதவர்களை அவ்விதக் கும்பல்களில் சேர்க்கலாகாது என்று பாராளுமன்றம் 1867இல் அதற்கென்றே ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. பிற்காலத்தில் அந்தக் கொடுமை ஒழிந்ததாயினும், அறுவடை நாளைப் பார்த்துப் பள்ளிக்கு விடுமுறை விடும் பழக்கம் நீடித்தது. குடியானவன் வீட்டில் பையனின் கூலி ஒரு வருமானம். அதை விட்டுக்கொடுத்துப் படிக்க வைப்பது எளிதான தியாகமன்று என்பது நம் நாட்டு வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1902ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பள்ளிகளின் நிர்வாகம் ஜில்லா கவுன்சில்களின் பொறுப்பில் வந்தது. வந்து என்ன? ஐந்து வயதுச் சிறுமியும் பதின்மூன்று வயதுப் பையனும் ஒரே கட்டடத்தில், சில இடங்களில் ஒரே அறையில் ஒரு திரையோ மரத்தட்டியோ மறைக்க, இரண்டொரு உபாத்தியாயர்களிடம் கற்றார்கள். குழந்தைகள் வெளியே பார்த்துப் பராக்கடையக் கூடாதென்று ஜன்னல்களைத் தலைக்கு மேல் உயர்த்தி வைத்த சுவர்கள். நடுவே ஒரு கணப்பு. மழை நாளில் மூன்று மைல் நடந்து வந்த பிள்ளைகளின் நனைந்த அங்கிகள் அதைச் சுற்றி உலர, அந்த வாடையிலேயே நடக்கும் வாய்ப்பாடு. கெட்டிக்காரப் பிள்ளைகளில் ஒருவரோ இருவரோ உபகாரச் சம்பளப் பரீட்சையில் தேறி நகரத்து உயர்தரப் பள்ளிக்குப் போவார்கள். மற்றவர்கள் பதினொரு வயதில் கற்றதையே திரும்பத் திரும்பக் கற்றுப் பதினான்கில் வெளியேறுவார்கள். தச்சுப்பட்டறை கிடையாது, விஞ்ஞான சாலை கிடையாது, புத்தகசாலை என்று சொல்லத்தக்கது ஓர் அலமாரிக்கு மேல் கிடையாது. ஐம்பது அறுபது பிள்ளைகளுக்காக ஒவ்வொரு ஊரிலும் இவற்றையெல்லாம் கட்டிக்கொடுக்க அந்த ஏழை ஜில்லாவின் வரிப்பணம் எந்தக் காலத்திலும் போதாது.

இந்த நிலையில் 1922இல் கேம்பிரிட்ஜ் ஜில்லாவின் கல்விக் காரியதரிசிப் பதவியை ஏற்றவர் ஹென்றி மாரிஸ். 1889இல் சௌத்போர்ட் என்ற ஊரில், குழாய் வேலை செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ப் பத்திரிகை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு தாமாகவே முயன்று வேல்ஸ் தேசத்து லாம்பீட்டரிலும், ஆக்ஸ்போர்டிலும், முதல் உலக யுத்தத்தில் பணியாற்றித் திரும்பியபின் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். தம் இளமைக் காலத்தைப் பற்றி நண்பர்களிடம்கூட அதிகம் பேசமாட்டார். நேர்த்தியான உடை, நல்ல இசை, அழகிய கட்டடம் ஆகியவற்றில் அளவிறந்த பற்றுடைய அவரைப் பிரபு வம்சத்தவர் என்றே பலர் எண்ணியிருக்கக்கூடும். பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தம் சொந்த அநுபவத்தில் அறிந்த ஒருவரே, அந்த வயதில் வெளியேறும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காரியதரிசியாக வாய்த்தார் என்பது இந்த வரலாற்றின் அதிர்ஷ்டம்.

பதவிக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1924இல், அவர் ஒரு விஞ்ஞாபனத்தை அச்சிட்டு வெளியிட்டார். அதன் சாராம்சம் இது: கிராமங்கள் க்ஷீணிப்பதற்குக் காரணம் கூலிக்குறைவு மட்டுமன்று, அறிவுக்கும் பொழுதுபோக்குக்கும் தோழமைக்கும் வேண்டிய சாதனங்கள் யாவும் நகரத்தில் குவிந்து கிடக்கின்றன. தனித்தனி ஊரால் இவற்றை உண்டாக்கிக்கொள்ள முடியாதென்றால், சுற்றுவட்டத்து ஊர்கள் பலவற்றுக்குப் பொதுவாக, அவற்றுள் பெரிய ஊர் ஒன்றில், ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அமைக்கலாம். பகலில் அது பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளி. மாலையில் அதே மண்டபமும் பட்டறையும் புத்தகசாலையும், பகலெல்லாம் உழைத்த அவர்களுடைய தாய் தந்தையருக்குத் திறந்திருக்கும். விவசாய போதனை, நாடகம், சங்கீதம், உடல்நலம், விளையாட்டு, ஊர்க்கூட்டம் என்று தொட்டில் முதல் முதுமை வரை கிராமவாசியின் வாழ்வு முழுவதுக்கும் அது ஒரு கேந்திரமாக விளங்கும். இதற்கு அவர் இட்ட பெயரே கிராமக் கலாசாலை. அத்தகைய கலாசாலைகள் ஏறக்குறைய பத்து இருந்தால் தம் ஜில்லா முழுவதற்கும் போதும் என்று அவர் கணக்கிட்டார்.

தேசம் முழுவதும் இத்தகைய எண்ணம் அப்பொழுது முளைவிட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1926இல் வெளிவந்த ஹாடோ கமிட்டியின் அறிக்கை, பதினொன்றாம் வயதில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்பட்டவர்களைத் தனிப் பள்ளிகளில் சேர்க்கவேண்டுமென்று சிபாரிசு செய்தது. ‘புனரமைப்பு’ என்ற பேச்சு ஜில்லாதோறும் எழுந்தது. மாரிஸின் விசேஷம், மற்ற ஜில்லாக்காரர்கள் அதைப் பள்ளிகளைப் பிரித்து அடுக்கும் காரியமாக மட்டும் கண்டிருக்க, அவர் கிராம வாழ்க்கையையே புனரமைக்கும் சந்தர்ப்பமாகக் கண்டதுதான்.

ஆனால் அழகிய விஞ்ஞாபனம் ஒன்று, ஊர்ப் பாதிரியாரின் சம்மதம் இன்னொன்று. ஜில்லாவின் பள்ளிகளில் பெரும்பகுதி ஆங்கிலேயத் திருச்சபையினுடையவை. பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பொதுப் பள்ளிக்கு அனுப்புவதென்றால், தம் பள்ளியின் மூத்த பிள்ளைகளை இழப்பதோடு, அவர்களுடைய மத போதனையையும் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டும். மாரிஸ் இதை முன்னதாகவே உணர்ந்து, திருச்சபையினரும் அதைச் சாராத கிறிஸ்தவப் பிரிவினரும் கல்விமான்களும் கூடி ஒப்புக்கொள்ளும்படியான ஒரு பொது மதபோதனைப் பாடத்திட்டத்தை ஏற்பாடு செய்வித்தார். 1924இல் வெளியான அந்தக் கேம்பிரிட்ஜ் ஜில்லாப் பாடத்திட்டம் இங்கிலாந்தின் வேறு பல ஜில்லாக்களிலும் கைக்கொள்ளப்பட்டது. தெய்வ நம்பிக்கையில் தாமே உறுதியில்லாத ஒருவர் இதைச் சாதித்தார் என்பது ரஸமான செய்தி. கொள்கையில் பிடிவாதமும் வழியில் சாமர்த்தியமும் ஒருங்கே அமைந்த நிர்வாகிகள் எந்த நாட்டிலும் அபூர்வம்.

பணத்துக்கும் இதே சாமர்த்தியம் வேண்டியிருந்தது. காகித ஆலை நடத்திவந்த ஸ்பைசர் குடும்பத்தாரின் ஆதரவும் கார்னகி தர்மநிதியின் உதவியும் கிடைத்ததால், முதற் கலாசாலை ஸாஸ்டன் கிராமத்தில் எழுந்தது. 1930ஆம் ஆண்டு அக்டோபரில் அதைத் திறந்துவைத்தவர், பிற்காலத்தில் எட்டாம் எட்வர்டாக முடிசூடாமலே முடிதுறந்த வேல்ஸ் இளவரசர். தலைமை ஆசிரியருக்கு அங்கே ‘வார்டன்’ என்று பெயர். பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் அவர் பொறுப்பாளி என்பதால், சாதாரணத் தலைமை ஆசிரியரின் உத்தியோகமாக அதை மாரிஸ் நினைக்கவில்லை. 1937இல் பாட்டிஷாமிலும் லிண்டனிலும் இரண்டு கலாசாலைகள் திறக்கப்பட்டன.

நான்காவதாகிய இம்பிங்டன் கலாசாலையைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். பக்கத்து ஹிஸ்டனில் பழங்களைப் பதனிட்டு ஜாம் செய்யும் சிவர்ஸ் குடும்பத்தார் நிலம் கொடுத்தார்கள். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் தாய்நாட்டை விட்டு 1934இல் இங்கிலாந்து வந்திருந்த பிரசித்தி பெற்ற கட்டடக்கலை நிபுணர் வால்ட்டர் கிரோப்பியஸ், ஆங்கிலேயரான மாக்ஸ்வெல் ஃபிரை என்பவருடன் சேர்ந்து அதன் திட்டத்தை வரைந்தார். 1937இல் அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குப் போய்விட, கட்டடம் முடிந்து 1939இல் திறக்கப்பட்டது. விசிறிபோல் விரிந்த நாடக மண்டபம்; அகன்ற நடைக்கூடம்; ஒரு புறம் முழுவதும் கண்ணாடிக் கதவாக மடித்துத் திறந்தால் புல்வெளியோடு ஒன்றிப்போகும் ஒரே மாடமான வகுப்பறைகள்; மறுபுறம் பெரியவர்களுக்கென்று, மெல்ல வளைந்து செல்லும் தனிப் பகுதி. ஜன்னலை எட்டாத உயரத்தில் வைத்த பழைய பள்ளிக்கு நேர்மாறாக, வெளிச்சமும் மரமும் வகுப்புக்குள் வந்துவிட்டன. அக்காலத்து இங்கிலாந்துக் கட்டடங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அதைப் பெவ்ஸ்னர் போன்ற கட்டடக்கலை வரலாற்று நிபுணர்கள் மதித்தார்கள். பழைய பிரபுக்களின் மாளிகைகளுக்கும் பெரிய தேவாலயங்களுக்கும் அளிக்கும் முதல்தரப் பாதுகாப்பு இன்று அந்தக் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு உண்டு. விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலை நிபுணர் ஒருவரை அழைத்துவர வேண்டுமா என்று கேட்டவர்கள் இல்லாமலில்லை. அழகு என்பது பணக்காரரின் தனிச் சொத்து அன்று, அழகான சுவர்களே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும் என்பது மாரிஸின் சித்தாந்தம். இந்த ஒரு விஷயத்தில் அவரை மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

அந்தக் கலாசாலைக்கென்று ஹென்றி மூர் என்ற சிற்பியிடம் ஒரு சிலை செய்யும்படி மாரிஸ் கேட்டிருந்தார். தாயும் தந்தையும் குழந்தையும் ஒன்றாக அமர்ந்த குடும்பம், அதாவது ஒரே கூரையின்கீழ்க் குடும்பம் முழுவதும் கற்கும் கலாசாலையின் தத்துவம், அதன் பொருளாக அமைந்தது. மூர் சிறு மாதிரிகளும் செய்தார். ஜில்லாவோ பணமில்லையென்று கைவிரித்துவிட்டது. அந்தக் கருவிலிருந்து பிறந்த பெரிய வெண்கலச் சிலை, யுத்தத்துக்குப் பின் பக்கத்து ஹார்ட்ஃபோர்ட் ஜில்லாவில், ஸ்டீவனேஜ் நகரத்துப் பார்க்லே பள்ளியில் போய் அமர்ந்தது. உலகப் புகழ்பெற்ற அந்தச் சிலையை வைத்துக்கொள்ளும் பாக்கியம் இம்பிங்டனுக்கு வாய்க்கவில்லை.

இதுவரை சொன்னது வெற்றியின் கதை. இனிமேல் வருவது அவ்வளவு சந்தோஷமானதன்று.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வி என்ற உரிமையை வழங்கியது. பள்ளியை விடும் வயது 1947இல் பதினைந்தாக உயர்ந்தது. உயர்ந்த நோக்கமுள்ள சட்டந்தான். ஆனால் பதினொன்றாம் வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களைக் ‘கிராமர்’ பள்ளிக்கும் மற்றவர்களை வேறு பள்ளிகளுக்கும் பிரிக்கும் வழக்கம் அதனோடு நிலைபெற்றது. கேம்பிரிட்ஜ் ஜில்லாவில் கிராமர் பள்ளிகள் நகரத்தில் இருந்தன; கிராமக் கலாசாலைகளோ தேறாதவர்களின் பள்ளிகளாக நின்றுவிட்டன. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கிராமத்திலேயே நிறுத்துவதற்காக ஏற்பட்ட ஸ்தாபனத்தின் வாசலிலிருந்தே, ஒவ்வொரு காலையிலும் அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு பஸ் புறப்பட்டது. மாலையில் அந்தப் பிள்ளையின் தகப்பனார் கலாசாலையில் தச்சு வேலை கற்கலாம், தாயார் பாட்டுக் கோஷ்டியில் சேரலாம். பிள்ளைக்கு மட்டும் அங்கே இடமில்லை. மாரிஸ் 1954இல் ஓய்வு பெற்று 1961இல் காலமானார். அவருடைய சிஷ்ய பரம்பரை வேறிடங்களிலும் பரவிற்று: அவருடைய ஜில்லாவில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த ஸ்டூவர்ட் மேஸன், லெஸ்டர் ஜில்லாவின் கல்வி டைரக்டராகி, பதினொரு வயதுப் பரீட்சையையே ஒழிக்கும் திட்டமொன்றை 1957இல் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் ஜில்லாவிலும் பாஸிங்போர்ன், ஸ்வேவ்ஸி, மெல்போர்ன், காம்பர்ட்டன், காட்டன்ஹாம் என்று புதிய கலாசாலைகள் தொடர்ந்து எழுந்தன. ஆயினும் அவற்றில் சேர்ந்த பிள்ளை ஏதோ ஒன்றில் தோற்ற பிள்ளை என்ற எண்ணம் போவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

அடுத்த புனரமைப்பு 1970களில் வந்தது. பள்ளியை விடும் வயது 1972இல் பதினாறு ஆயிற்று. 1974இல் கேம்பிரிட்ஜின் கிராமர் பள்ளிகள் எடுபட்டு, கிராமக் கலாசாலைகள் யாவும் பதினொன்று முதல் பதினாறு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளிகளாக மாறின. மாரிஸின் கனவு, அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், பகல் பள்ளியைப் பொறுத்தவரை முழு உருப்பெற்றது என்று சொல்லலாம். ஆனால் பதினாறுக்கு மேல்?

அந்தப் படிப்புக்கு அங்கே ஆறாம் பாரம் என்று பெயர்; இங்கே ஒரு விளக்கம் அவசியம். நம் பழைய ஹைஸ்கூல்களில் ஆறாம் பாரம் என்றது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பை. இங்கிலாந்தில் அது பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள். இலங்கையர் உயர்தரம் என்றும், 1978 முதல் தமிழ்நாட்டார் மேல்நிலை என்றும் சொல்லும் படிப்புக்கு நிகரானது. மூன்றோ நான்கோ பாடங்களை மாணவன் தானே தெரிந்தெடுத்து ஆழமாகக் கற்பான். கஷ்டம் அந்தத் தெரிவில்தான் இருக்கிறது. ஐந்நூறு அறுநூறு பேர் படிக்கும் கிராமப் பள்ளியில் பதினாறுக்கு மேல் தொடர்பவர்கள் கொஞ்சம் பேர்; அவர்களுள் ஒருவனுக்கு பௌதிகம், ஒருத்திக்கு லத்தீன், இன்னொருத்திக்கு ஜெர்மன் என்றால், மூன்று பேருக்கு ஓர் ஆசிரியரை வைத்துக் கட்டுபடியாகாது; வைக்காவிட்டால் பிள்ளைகள் கிடைத்த பாடத்தைப் படிக்க வேண்டியதுதான். ஆகவே நிர்வாகிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கலைத்துவிட்ட கிராமர் பள்ளிகளின் கட்டடங்களிலேயே, ஜில்லாவின் தெற்குப் பகுதி முழுவதற்கும் பொதுவாக, ஆறாம் பாரக் கலாசாலைகள் ஏற்பட்டன. ஆண்களின் ஹைஸ்கூல் ஹில்ஸ் ரோடு கலாசாலை ஆயிற்று. பெண்களின் ஹைஸ்கூல் லாங் ரோடு கலாசாலை ஆயிற்று. இரண்டும் இருபாலாருக்கும் பொது.

படிப்பின் தராதரத்தைக் கொண்டு பார்த்தால் இந்த ஏற்பாட்டைக் குறைகூற முடியாது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஓரிடத்தில் சேர்ந்ததால், வேறெங்கும் கிடைக்காத பாடங்களுக்கும் ஆள் கிடைத்தது. பரீட்சை முடிவுகளிலும், சர்வகலாசாலைகளில் இடம் பெறுவதிலும் ஹில்ஸ் ரோடு தேசமெங்கும் பேர் வாங்கிற்று. மெல்போர்னிலோ பாஸிங்போர்னிலோ பிறந்த ஒரு விவசாயியின் மகள், பணக்காரர்களின் தனியார் பள்ளியில் கிடைப்பதற்குக் குறையாத போதனையைச் சம்பளமின்றிப் பெற வழி ஏற்பட்டது. இது சிறிய நன்மை அன்று. ஆனால் பதினொன்றில் புறப்பட்ட பஸ் இப்பொழுது பதினாறில் புறப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். முன்பு தேறியவர்கள் மட்டும் ஏறினார்கள், இப்பொழுது படிக்க விரும்புவோர் அநேகமாக எல்லோரும் ஏறவேண்டியிருக்கிறது. மாலை நாடகத்துக்கும் வாத்தியக் கோஷ்டிக்கும் விளையாட்டுக்கும் உயிர்நாடியாக இருக்கத்தக்க பதினேழு வயது இளைஞர்கள் நாள் முழுவதும் கிராமத்தில் இல்லாதபோது, கலாசாலையின் மாலைப் பகுதி எவ்வாறு செழிக்கும்? முதியோர் வகுப்புகளுக்கான பொதுப்பணம் பிற்காலத்தில் சுருங்கியதும் அதனோடு சேர்ந்துகொண்டது.

1993இல் இன்னொரு முடிச்சு விழுந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறாம் பாரக் கலாசாலைகள் ஜில்லா கவுன்சிலின் ஆதிக்கத்திலிருந்து விலகி, மத்திய அரசின் நிதிக்குழுவிடமிருந்து மாணவர் எண்ணிக்கைப்படி நேரே பணம் பெறும் தனி ஸ்தாபனங்களாயின. கிராமக் கலாசாலைகள் அப்பொழுது கவுன்சிலிடம் நின்றன. பஸ்ஸும் கவுன்சிலிடம் நின்றது. மாரிஸ் தம் மேஜையில் ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்த்த காரியங்கள் பல ஆபீஸ்களில் பல கட்டுகளாகப் பிரிந்துபோயின. இதற்கிடையே சில கிராமக் கலாசாலைகள் தாமே மேல்வகுப்புகளைத் தொடங்கத் துணிந்தன: இம்பிங்டன் 1991 முதல் சர்வதேசப் பரீட்சைத் திட்டம் ஒன்றைக் கற்பித்து வருகிறது, காம்பர்ட்டனில் 2011இல் ஆறாம் பாரம் ஏற்பட்டது. இவை மாரிஸின் வழிக்குத் திரும்பும் முயற்சிகள் என்று நான் கருதுகிறேன். பாடங்களின் எண்ணிக்கை குறையும் என்ற ஆட்சேபம் உண்மைதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருபது பாடங்களின் பட்டியல் வேண்டியதில்லை, வேண்டியவர்களுக்கு நகரம் இருக்கவே இருக்கிறது.

இங்கிலாந்தில் 2015 முதல், பதினெட்டு வயது வரை ஏதேனும் ஒரு விதக் கல்வியிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த வயது வரை படி என்று கட்டளையிட்ட அதே அரசு, தொலைவிலுள்ள பிள்ளைகளை இலவசமாகப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் கடமையைக் கவுன்சில்களுக்குப் பதினாறு வயதோடு முடித்துவிட்டது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு என்ன உதவி என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் சக்திக்கேற்ப முடிவு செய்கிறது. ஏழை மாணவர்களுக்கு வாராவாரம் அளித்துவந்த உதவித்தொகையும் இங்கிலாந்தில் 2011இல் நிறுத்தப்பட்டது. நகரத்துப் பையன் நடந்தோ சைக்கிளிலோ போய்விடுவான். பதினைந்து மைலுக்கு அப்பாலுள்ள கிராமத்துப் பெண்ணின் பஸ் கட்டணத்தை அவளுடைய குடும்பமே கொடுக்கவேண்டியிருக்கிறது.